ஜூன் 1, காலை ஒன்பது மணி

பணி நிறைவு விழாவின் மறுநாள் என்ன ஆகிறது? ஓய்வுபெற்ற முதல் வருடம், அதில் தவறிப்போகும் சந்தோஷம், அதைத் திரும்பப் பிடிக்கும் வழிகள்... ஒரு சிறப்புப் பார்வை

மே 31. மாலை நான்கு மணிக்கே ஆபீஸில் ஃபைல் நகரவில்லை. கூட்ட அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாயிற்று. நடுநாயகமாக, ரோஜா மாலை கழுத்தை உறுத்த உட்கார்ந்திருக்கிறார் இன்று ஓய்வுபெறும் கண்காணிப்பாளர். பக்கத்தில் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டிருக்கிறார் மனைவி. சால்வை மேல் சால்வையாகத் தோளில் ஏறுகிறது. "சாருக்கு ஏது ஓய்வு? இனிமேதான் பொதுவாழ்க்கை!" என்கிறார் சங்கச் செயலாளர். "இனியாவது அம்மாவை நாலு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க சார்" என்று டைப்பிஸ்ட் எடுத்துவிட, அறை முழுக்கச் சிரிப்பு. மிக்சர், மைசூர்பாகு, காபி. பரிசுப் பொட்டலத்தைப் பிரித்தால் சுவர்க் கடிகாரம். நாளை முதல் எந்த நேரத்துக்கும் எங்கும் போய் நிற்க வேண்டாத மனிதருக்குக் கடிகாரம் தருகிறோமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கடைசியில் ஆபீஸ் ஜீப்பில் ஏற்றி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எங்காவது நடக்கிற காட்சிதான். ஆனால், மே மாதக் கடைசியில் கொஞ்சம் கூட்டம் அதிகம். அதற்குக் காரணம், அந்தக் காலத்துப் பள்ளிக்கூட வாத்தியார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று கணக்கு. பிறந்த தேதி தெரியாது என்று அப்பா சொன்னால், ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்குத் தோதாக ஒரு தேதியை வாத்தியாரே எழுதிக்கொள்வார். அன்று கையெட்டிய காது, ஐம்பத்தைந்து வருடம் கழித்து ஓய்வு தேதியாக வந்து நிற்கிறது.

அந்தத் தேதியும் இடையில் இரண்டு முறை நகர்ந்தது. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 ஆனது. அதனால் இரண்டு வருடம் வயதின் காரணமாக அநேகமாக யாருமே ஓய்வுபெறவில்லை. 2022 மே இறுதியில் மறுபடியும் மாலைகளும் சால்வைகளும் வெளியே வந்தன. அதன்பிறகு மாதாமாதம் ஒரு கூட்டம் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பென்ஷன், கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் கணக்கெல்லாம் இவர்களுக்கு விரல் நுனியில். காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வது என்பதற்குத்தான் எந்த அரசாணையும் இல்லை.

சட்டையை மாட்டியாயிற்று, எங்கே போவது?

ஜூன் 1. பழக்கதோஷம், ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஷேவிங், குளியல், விபூதி எல்லாம் முடிந்து எட்டரைக்கு இட்லியும் உள்ளே போயாயிற்று. பேப்பரில் டெண்டர் விளம்பரம்வரை படித்தாயிற்று. சமையல் மேடையில் டிபன் பாக்ஸ் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது. தெருவில் ஒவ்வொரு பைக்காகக் கிளம்பிப் போகிறது. மணி ஒன்பது பத்து.

முதல் சில மாதங்களுக்கு இது உறைக்காது. காசி, ராமேஸ்வரம் போய்வர வேண்டியிருக்கும். தள்ளிப்போட்ட கண் ஆபரேஷன், மாடி வீட்டு வெள்ளையடிப்பு, விட்டுப்போன உறவுகளின் கல்யாணம் என்று நாள் ஓடிவிடும். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி 1976-ல் எழுதிய நூலில் இந்தக் கட்டத்தைத் தேனிலவு என்றே குறிப்பிட்டார். அதற்கடுத்த கட்டம் ஏமாற்றம். புதிதாக வந்த ஓய்வு பழசாகி, செவ்வாய்க்கும் சனிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் நாட்கள் அவை. எல்லோரும் இந்தப் பள்ளத்தில் விழுவதில்லை. விழுகிறவர்கள் பெரும்பாலும் வெளியில் சொல்வதில்லை. 'பென்ஷன் வருது, பிள்ளைங்க செட்டிலாயிட்டாங்க, உனக்கு என்னய்யா குறை?' என்ற கேள்விக்கு அவர்களிடமே பதில் இருக்காது.

குறை என்ன என்பதை வேறொரு ஊரில் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மாரியந்தால் என்றொரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்ட நூற்பாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரின் ஆய்வுக் குழுவினர் அங்கே போய், வேலையில்லாத மனிதர்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். 1933-ல் நூலாக வந்த அந்த ஆய்வில் இரண்டு தகவல்கள் இன்றும் வியக்க வைக்கும். படிக்க நேரம் ஏராளமாக இருந்தும், ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. ஆய்வாளர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் நடையையும் கணக்கெடுத்தார்கள். ஆண்கள் அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் வேலை காத்திருந்தது.

மாரியந்தால்காரர்களுக்கு வருமானமும் போயிற்று. நம் பென்ஷன்தாரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனாலும் யஹோடா பின்னாளில் தொகுத்துச் சொன்னது இவருக்கும் பொருந்தும். வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை. நாளைக் கூறுபோட்டுத் தருகிறது; குடும்பத்துக்கு வெளியே நாலு முகத்தைக் காட்டுகிறது; தனக்கு மேற்பட்ட ஒரு காரியத்தில் பங்கு தருகிறது; ஊரில் ஓர் அடையாளம் தருகிறது; கைகாலை ஓயவிடாமல் வைக்கிறது. மே 31 மாலை ஆறு மணிக்கு இந்த ஐந்தும் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன. சம்பளத்துக்கு மட்டும்தான் மாற்று ஏற்பாடு இருக்கிறது.

பெட்டிச் செய்தி: கணக்கு இது

• வாழ்க்கை மாற்றங்கள் தரும் மன அழுத்தத்துக்கு 1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு மருத்துவர்கள் மதிப்பெண் போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100, கல்யாணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45.

• தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 சதவிகிதம் என்றும், 2031-ல் 18.2 சதவிகிதம் ஆவார்கள் என்றும் மத்திய அரசின் 'இந்தியாவில் முதியோர்' அறிக்கை மதிப்பிட்டது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

• பி.எஃப். அமைப்பின் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் 2014-ல் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. 'ஓய்வு' என்ற பேச்சே எட்டாத கொத்தனார்களும், சித்தாள்களும், வீட்டுவேலை செய்பவர்களும்தான் இங்கே அதிகம்.

அஞ்சறைப் பெட்டிக்கு வந்த மேலதிகாரி

இந்த வெறுமையின் முதல் தாக்குதல் விழுவது சமையலறையில். முப்பது வருடம் ஃபைல் திருத்திய கண் சும்மா இருக்குமா? மூன்றாம் மாதம் அவர் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். "கடுகு ஏன் ஓரத்துல இருக்கு? அடிக்கடி எடுக்கறதை நடுவுல வைக்கணும்." ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் மாவு இருக்கிறது என்று விசாரணை. கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு வாக்குவாதம். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று காலண்டரில் குறிப்பு. பதினொரு மணிக்கு ஒரு காபி, மூன்று மணிக்கு ஒரு டீ, நடுவில் "ஏதாவது கொறிக்க இருக்கா?"

மனைவிக்கும் ஒரு நாள் இருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பத்து மணிக்கு வீடு அடங்கியதும் தங்கச்சியோடு அரை மணி நேர போன், இரண்டு மணிக்கு சீரியல், நடுவில் அவர் இஷ்டத்துக்கு ஒரு தூக்கம். அந்த நாலு மணி நேரம்தான் அவருக்கான வீடு. அதில் இப்போது ஓர் அதிகாரி குடிவந்துவிட்டார். ஜப்பானிய மருத்துவர் நோபுவோ குரோகாவா, கணவர் ஓய்வுபெற்றதும் மனைவிகளுக்கு வருகிற தலைவலி, வயிற்றுப்புண், தூக்கமின்மையை 1991-ல் ஒரு நோய்க்குறியாகவே விவரித்தார். நம் ஊரில் ரத்தக் கொதிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

இந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இல்லத்தரசிக்கு பணி நிறைவு விழா கிடையாது. வேலைக்குப் போன பெண்ணின் நிலைமை இன்னும் விசேஷம். டீச்சரம்மாவோ நர்ஸோ ஓய்வுபெற்றதும், 'இனி அம்மா வீட்டிலதானே' என்று சமையல்காரியை நிறுத்துகிறார்கள். பேரக் குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்றால் நியூஜெர்சிக்கு ஆறு மாதம். பேரன் மடியில் கிடப்பது சந்தோஷம்தான். ஆனால், அவரைக் கேட்டு யாரும் அந்த நாளைத் தீர்மானிக்கவில்லை.

இதற்குச் சரிப்பட்டு வருகிற தீர்வு ஒன்று உண்டு. மேற்பார்வையை விட்டுவிட்டு, ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்வது. 'ஒத்தாசை' என்று நுனியைப் பிடிப்பது உதவாது. காலை டிபன் அவர் பொறுப்பு என்றால் அரிசி ஊறப்போடுவதிலிருந்து கிரைண்டர் கழுவுவதுவரை அவர் பொறுப்பு. முதல் வாரம் இட்லி கல்லாக வரும், வரட்டும். பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை வீடு மனைவிக்கு, அந்த நேரத்தில் அவர் வெளியில் இருப்பார் என்று ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது. சாயங்காலம் சொல்லிக்கொள்ள இருவரிடமும் நாலு விஷயம் இருக்கும்.

கையில் காசு, காதில் போன்

வாழ்நாளில் முதல்முறையாகக் கணக்கில் ஒரு பெரிய தொகை விழுகிறது. அது விழுந்த வாரமே ரியல் எஸ்டேட்காரரும், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டும், பிசினஸ் ஆரம்பிக்கத் துடிக்கும் மருமகனும் வாசலில் நிற்பார்கள். அதிக வட்டி தருவதாகச் சொல்லும் நிதி நிறுவனங்களில் வாழ்நாள் சேமிப்பைத் தொலைத்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடிக்காரர்களும் முதியவர்களை விடுவதில்லை. வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் வந்து கைது என்று மிரட்டும் அந்த ஏற்பாடு நம் சட்டத்தில் எங்குமே இல்லை.

பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருப்பவருக்கு, மரியாதையாக 'சார்' போட்டுப் பேசுகிற ஒரு குரல் எவ்வளவு பெரிய ஈர்ப்பு என்பதை மோசடிக்காரர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பேராசை மட்டும் ஆளை ஏமாற்றுவதில்லை, தனிமையும் ஏமாற்றுகிறது. தினமும் நாலு பேரோடு டீ குடிக்கிறவர், 'இப்படி ஒரு போன் வந்தது' என்று அங்கே வாயைத் திறப்பார். பாதி மோசடி அங்கேயே உடைந்துவிடும். எனவே சேமிப்பைக் காப்பாற்ற இரண்டு எளிய விதிகள்: பணம் வந்த முதல் ஆறு மாதத்துக்கு யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் வங்கியிலோ அஞ்சலகத்திலோ போட்டுவைப்பது, எந்த முடிவையும் மனைவிக்குத் தெரியாமல் எடுக்காதிருப்பது. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய்வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும்.

ஒருநாள் போகாவிட்டால் யார் கேட்பார்கள்?

ஓய்வுக்குப் பிறகும் முகத்தில் களை மாறாமல் இருக்கிறவர்களைப் பாருங்கள். பென்ஷன் தொகை பலவிதம், உடம்பு பலவிதம். பொதுவாக இருப்பது ஒன்றுதான். வாரத்தில் சில நாட்கள், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில் அவரை யாரோ எதிர்பார்க்கிறார்கள்.

கோவை ரேஸ்கோர்ஸிலும் சென்னை மெரினாவிலும் விடியற்காலையில் நடக்கும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இது புரியும். நடப்பது முக்கால் மணி நேரம். அதற்குப்பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அரசியல், சர்க்கரை அளவு, பேத்தி மார்க் என்று பேசுவது ஒரு மணி நேரம். இந்த இரண்டாவது பகுதியால்தான் முதல் பகுதி நடக்கிறது. இரண்டு நாள் தலையைக் காணோம் என்றால், மூன்றாம் நாள் போன் வரும்: "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" அந்த ஒரு போன்தான் மறுநாள் காலையில் செருப்பை மாட்ட வைக்கிறது. தனியாக வாங்கிப் போட்ட டிரெட்மில் ஆறே மாதத்தில் துணி காயப்போடும் கம்பியாவது ஏன் என்பதற்கும் இதுதான் விடை.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி இன்றுவரை நடத்தும் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. ஹார்வர்டு மாணவர்களும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பத்துப் பையன்களுமாக 724 பேரை ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது வயதில் உறவுகளில் திருப்தியோடு இருந்தவர்கள்தான் எண்பது வயதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். ஐம்பதில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவு அந்த அளவுக்கு எதிர்காலத்தைச் சொல்லவில்லை என்கிறார் ஆய்வின் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர்.

நம் ஊரில் இப்படிப் போய் நிற்க இடங்களுக்குக் குறைவில்லை. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. ஊருக்கொரு கிளை நூலகம் இருக்கிறது. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். கணக்கோ பொது நிர்வாகமோ தெரிந்த ஒருவருக்கு அங்கே மாணவர் கிடைக்காமல் போகாது. பழைய கோயில்களில் புல் பிடுங்கி, விளக்குத் தேய்க்கும் உழவாரப் பணிக் குழுக்கள் இருக்கின்றன. ஓய்வூதியர் சங்கத்தில் போய் உட்கார்ந்தால், கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தப் படிவம் என்று தெரியாமல் நிற்கும் ஓர் அம்மாவுக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். முப்பது வருடம் சலித்துக்கொண்டே கற்ற கருவூல விதிகள் அன்றைக்கு ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். 'மனசு சரியானதும் போகலாம்' என்று காத்திருப்பதுதான் இதில் தவறு. மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளிலேயே, முதலில் செயலை நேரம் குறித்துச் செய்யவைத்து, மனசு பின்னால் வரட்டும் என்று விடுகிற முறை ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் இதற்கு வழிகாட்டினார்.

சின்னச் சின்ன இன்பங்களுக்கும் இதே விதிதான். எந்நேரமும் கிடைக்கிற காபியைவிட, நடந்துபோய் நண்பரோடு குடிக்கிற நாலு மணிக் காபி ருசி. எப்போதும் ஓடுகிற டி.வி.யைவிட, மார்கழியில் டிக்கெட் வாங்கிப் போய் உட்காருகிற கச்சேரி சுகம். லீவு இல்லாதபோது ஞாயிற்றுக்கிழமை இனித்தது. ஏழு நாளும் லீவானபின் ஞாயிற்றுக்கிழமையை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பெட்டிச் செய்தி: சோம்பல் என்று ஒதுக்காதீர்கள்

• இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, குளிக்கவே அலுப்பது, 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு... இவை மனச்சோர்வின் அறிகுறிகள். மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடும் இப்படிக் காட்டும்.

• காது மந்தமானவர் கூட்டத்தைத் தவிர்ப்பார். அதைக் கோபம் என்று நினைக்க வேண்டாம். கவனிக்காமல் விட்ட செவித்திறன் குறைவு, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்று என்று லான்செட் ஆணையம் பட்டியலிட்டிருக்கிறது.

• 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும். வாரம் மூன்று நாள் நிலைதடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

• மனநல ஆலோசனைக்கு டெலி மனாஸ்: 14416. முதியோர் உதவிக்கு எல்டர்லைன்: 14567. பண மோசடி புகாருக்கு: 1930.

ஐம்பத்தெட்டிலேயே ஆரம்பிக்கலாம்

'எல்லாம் ரிட்டையர் ஆனப்புறம் பாத்துக்கலாம்' என்று நாம் தள்ளிவைக்கும் பட்டியல் நீளமானது. வீணை கற்பது, சொந்த ஊரில் தோட்டம், படிக்காத நாவல்கள், மனைவியோடு ஒரு பயணம். ஐம்பத்தெட்டு வயதுவரை ஒருமுறைகூடத் தொடாத எதுவும் அறுபதில் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. அறுபதாவது வயதில் புதிதாக முளைப்பது மூட்டுவலி மட்டும்தான். சனிக்கிழமை ஒரு மணி நேரம் இப்போதே வீணை வகுப்புக்குப் போகிறவருக்கு, ஓய்வு வரும்போது வாத்தியாரும் இருப்பார், கூடப் படிக்கிற நண்பர்களும் இருப்பார்கள். நேரத்தைத்தான் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நட்புக்கும் இது பொருந்தும். நம் நண்பர்களில் பாதிப்பேர் ஆபீஸ் நண்பர்கள். பதவி உயர்வும் டிரான்ஸ்ஃபரும் பேச்சிலிருந்து போய்விட்டால் பேச எதுவும் இல்லாதவர்கள் அதில் எத்தனை பேர் என்று ஒரு கணக்கெடுத்துப் பார்க்கலாம். பதவி விலகினாலும் விலகாத நண்பர் இரண்டு பேராவது தேறினால் பாக்கியம். தேறாவிட்டால் தேட இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

பொறுப்பு ஓய்வுபெறுகிறவரோடு முடிந்துவிடவில்லை. நம் தெருவிலேயே இந்த மாதம் ஒருவர் ஓய்வுபெற்று வந்திருப்பார். பார்க்கிறபோதெல்லாம் "எப்படி சார் பொழுது போகுது?" என்று கேட்கிறோம். அவரிடம் அதற்குப் பதில் கிடையாது. அந்தக் கேள்வியே குத்தலாகத்தான் படும். அதற்குப் பதிலாக ஒரு வேலை சொல்லலாம். குடியிருப்போர் சங்கக் கணக்கைப் பார்க்கச் சொல்லலாம். பத்தாவது படிக்கும் பையனுக்கு செவ்வாய், வியாழன் சாயங்காலம் கணக்குச் சொல்லித்தரக் கேட்கலாம். வேலையைச் சொல்லும்போது கிழமையையும் மணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'நேரம் கிடைக்கும்போது வாங்க' என்றால் வரமாட்டார். 'செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குப் பையன் உட்கார்ந்திருப்பான் சார்' என்றால் ஐந்தே காலுக்கே வந்து நிற்பார்.